மார்ச் 17: ஒரு தீவின் இரண்டு நினைவுகள்



இந்த நினைவுப் பேருரைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு மிகச் சிறிய தீவின் வரலாறு. கரீபியக் கடலில் இருக்கும் மான்செராட். நீளம் 16 கிலோமீட்டர், அகலம் 11 கிலோமீட்டர், பரப்பளவு 102 சதுர கிலோமீட்டர். இன்று அங்கே வாழ்பவர்கள் ஐயாயிரம் பேர்கூட இல்லை. நம்மூரில் ஒரு பேரூராட்சிக்கு இதைவிட அதிக மக்கள் இருப்பார்கள்.

அந்தத் தீவில் இறங்கினால் உங்கள் பாஸ்போர்ட்டில் மூன்று இலை வடிவத்தில் ஒரு முத்திரை குத்துவார்கள். அது அயர்லாந்தின் தேசியச் சின்னமான ஷாம்ராக் இலை. தீவின் கொடியில் பச்சை உடுத்திய ஒரு வெள்ளைப் பெண் சிலுவையையும் யாழையும் பிடித்து நிற்கிறாள். அவளும் அயர்லாந்தின் உருவகம்தான். தொலைபேசிப் புத்தகத்தைப் பிரித்தால் ரைலி, ரயன், ஃபேரல், ஸ்வீனி, டேலி என்று ஐரிஷ் குடும்பப் பெயர்கள் வரிசையாக வரும். ஊர்ப் பெயர்களும் அப்படியே: கார்க் ஹில், கின்சேல், செயின்ட் பேட்ரிக்ஸ். ஆனால் அந்தப் பெயர்களைச் சுமக்கும் மக்களில் ஆகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்க வம்சாவளிக் கறுப்பின மக்கள். அயர்லாந்தின் புனிதர் பேட்ரிக்கின் நாளான மார்ச் 17 அங்கே பொது விடுமுறை. அயர்லாந்துக்கு வெளியே அந்த நாளுக்கு விடுமுறை விடும் இடங்கள் உலகில் மிகச் சிலவே.

சுற்றுலாத் துறை இதை ஒரு இனிய கதையாகச் சொல்லும். கடல் கடந்து வந்த ஏழை ஐரிஷ் மக்கள், அவர்களோடு கலந்த ஆப்பிரிக்கர்கள், ‘கரீபியத்தின் மரகதத் தீவு’ என்றெல்லாம். அந்த விடுமுறை உண்மையில் எதற்காக விடப்படுகிறது என்பது வேறு கதை. அந்த நாளில் தூக்கிலிடப்பட்டவர்களிடம் நாம் கடைசியில் வந்து சேர்வோம்.

அமெரிக்க அடிமை முறையின் வரலாறு நமக்கு அந்நியமானதல்ல. மகாத்மா பூலே 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’யை, அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். இந்த மரபில் வந்த நாம் அடிமை வரலாற்றை வாசிக்கும்போது பெரும்பாலும் இரண்டு பாத்திரங்களை மட்டுமே பார்க்கிறோம்: மேலே வெள்ளை எஜமான், கீழே கறுப்பு அடிமை. மான்செராட்டில் மூன்றாவது பாத்திரம் ஒன்று இருக்கிறது. சொந்த மண்ணில் நிலம் பறிக்கப்பட்டு, மதம் ஒடுக்கப்பட்டு, துரத்தப்பட்டு வந்து சேர்ந்தவன். வந்த இடத்தில் அவன் என்ன ஆனான் என்பதுதான் என் கேள்வி.

முதலில் அயர்லாந்து. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்து அயர்லாந்தைக் குடியேற்ற நாடாக்கியது. ஐரிஷ் கத்தோலிக்கர்களின் நிலத்தைப் பிடுங்கி ஆங்கிலேய, ஸ்காட்லாந்துப் புராட்டஸ்டன்டுகளுக்குக் கொடுத்தது. 1649இல் கிராம்வெல்லின் படை வந்து இறங்கியது. 1652ஆம் ஆண்டுச் சட்டம் நிலப் பறிப்பை முழுமையாக்கியது. ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றப்பட்டு பார்படோஸ் முதலான கரீபியத் தீவுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். பிறகு 1695 முதல் வந்த ‘தண்டனைச் சட்டங்கள்’ கத்தோலிக்கர்களின் கல்விக்கும் ஆயுதத்துக்கும் நில உரிமைக்கும் தடை போட்டன. 1728இல் வாக்குரிமையும் போயிற்று. ஐரிஷ்காரர்களைக் காட்டுமிராண்டிகள், அழுக்கர்கள், சோம்பேறிகள் என்று ஆங்கிலேயர்கள் எழுதிய பக்கங்களுக்குக் கணக்கில்லை. இந்த ஒடுக்குமுறை உண்மை. இதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. இனி நான் சொல்லப்போகும் எதுவும் இதைக் குறைப்பதற்காக அல்ல.

மான்செராட்டில் ஐரோப்பியக் குடியேற்றம் தொடங்கியது 1632 வாக்கில். பக்கத்துத் தீவான செயின்ட் கிட்ஸிலிருந்து வந்தவர்கள் அவர்கள். முதல் ஆளுநர் ஆன்டனி பிரிஸ்கெட், அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்தவர். 1634இல் அந்த வழியாகக் கப்பலில் சென்ற ஆண்ட்ரூ வைட் என்ற ஏசு சபைப் பாதிரியார், வர்ஜீனியாவில் சேர்த்துக்கொள்ளப்படாத ஐரிஷ் கத்தோலிக்கர்கள் இந்தத் தீவில் இருப்பதாகக் குறித்து வைத்திருக்கிறார். மற்ற ஆங்கிலேயக் குடியேற்றங்களில் இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்கிய மூலை என்று இதைச் சொல்லலாம்.

வந்தவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். கப்பல் கட்டணத்துக்கு ஈடாக நான்கு முதல் ஏழு ஆண்டுகள்வரை ஒரு எஜமானிடம் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். சிலர் விரும்பிக் கையெழுத்திட்டார்கள், சிலர் பசியால், சிலர் பலவந்தமாக. அந்த ஆண்டுகளில் எஜமான் அடிப்பான். ஓடினால் தண்டனையாக ஒப்பந்தக் காலம் நீளும். ஒப்பந்தத்தை வேறொருவருக்கு விற்கலாம். பலர் காலம் முடியும் முன்பே காய்ச்சலில் செத்தார்கள். கொடுமைதான். ஆனால் இந்தக் கொடுமைக்கு ஒரு முடிவுத் தேதி இருந்தது. உயிரோடு இருந்தால் ஒருநாள் வெளியே வரலாம். அதைவிட முக்கியம், அவன் பெற்ற பிள்ளை சுதந்திரமாகப் பிறந்தது.

ஒப்பந்தக் கூலி என்றதும் நம் மக்களின் நினைவு வராமல் இருக்காது. மான்செராட்டுக்குத் தெற்கே கண்ணுக்கெட்டும் தொலைவில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு குவாதலூப். அடிமை முறை ஒழிந்த பிறகு, 1854 முதல், பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகத் தமிழ்க் கூலிகள் கரும்பு வெட்ட அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் ஏராளம். மாரியம்மன் வழிபாடு இன்றும் அந்தத் தீவில் இருக்கிறது. அவர்கள் பட்ட துயரத்தைச் சொல்ல ‘அடிமை’ என்ற சொல்லையே நாம் பயன்படுத்துகிறோம். மேடையில் அது சரி. வரலாறு எழுதும்போது வேறுபாட்டைக் கைவிட முடியாது.

அந்த வேறுபாடு சட்டத்திலேயே எழுதப்பட்டது. ஆங்கிலேயக் கரீபியத்துக்கே முன்மாதிரியாக இருந்த பார்படோஸில் 1661ஆம் ஆண்டு இரண்டு தனித்தனிச் சட்டங்கள் வந்தன. ஒன்று வெள்ளை ஊழியர்களுக்கு, மற்றது கறுப்பர்களுக்கு. ஊழியனுக்குக் கடமைகள் இருந்தன, கொஞ்சம் உரிமைகளும் இருந்தன, நீதிமன்றத்துக்குப் போகலாம். கறுப்பர்களுக்கான சட்டம் அவர்களை விலங்குத்தன்மை கொண்டவர்கள் என்றே முகவுரையில் வர்ணித்தது. தண்டிக்கும்போது அடிமை செத்துப்போனால் எஜமான் மீது குற்றமில்லை. வேண்டுமென்றே கொன்றால் அபராதம், அவ்வளவுதான். ஒரே வயலில், ஒரே வெயிலில், ஒரே கங்காணியின் கீழ் நின்ற இருவரைச் சட்டம் இப்படிப் பிரித்தது. ஏன் பிரித்தது என்றால், அந்த இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்ற அச்சம். ஐரிஷ் ஊழியர்களும் கறுப்பு அடிமைகளும் சேர்ந்து சதி செய்கிறார்கள் என்று பார்படோஸ் தோட்ட முதலாளிகள் 1686இலும் 1692இலும் பதறியிருக்கிறார்கள். மான்செராட்டிலும் ஐரிஷ்காரர்கள் நம்பத்தகாதவர்களாகவே இருந்தார்கள். 1667இல் பிரெஞ்சுப் படை தீவைத் தாக்கியபோது அவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் சேர்ந்தார்கள்.

ஆக, இங்கிலாந்துக்கு எதிரான கலகம் அவர்களிடம் இருந்தது. ஆனால் அந்தக் கலகம் யாருக்கானது?

1678இல் லீவர்ட் தீவுகளின் ஆளுநராக இருந்த வில்லியம் ஸ்டேபிள்டன் ஒரு மக்கள்தொகைக் கணக்கை எடுத்து லண்டனுக்கு அனுப்பினார். அவரே அயர்லாந்தின் டிப்பரேரியில் பிறந்தவர். அந்தக் கணக்கின்படி மான்செராட்டில் ஐரிஷ்காரர்கள் 1,869 பேர், ஆங்கிலேயர்கள் 761 பேர், ஸ்காட்லாந்துக்காரர்கள் 52 பேர், கறுப்பர்கள் 992 பேர். வெள்ளையரில் பத்துக்கு ஏழு பேர் ஐரிஷ். பிரிட்டிஷ் பேரரசில் வேறெந்தக் குடியேற்றத்திலும் ஐரிஷ்காரர்கள் இவ்வளவு பெரும்பான்மையாக இருந்ததில்லை என்பதால்தான், வரலாற்றாசிரியர் டொனால்ட் ஏகென்சன் இந்தத் தீவைப் பற்றி 1997இல் எழுதிய நூலுக்கு ‘ஐரிஷ்காரர்கள் உலகை ஆண்டிருந்தால்’ என்று பெயர் வைத்தார். குத்தலான தலைப்பு. ஒடுக்கப்பட்ட ஒரு மக்கள் கையில் ஒரு குட்டி உலகம் கிடைத்தது, அதை என்ன செய்தார்கள் பாருங்கள் என்கிறார்.

செய்தது இதுதான்: கரும்பு போட்டார்கள்.

தொடக்கத்தில் புகையிலையும் அவுரியும்தான் பயிர். நாலைந்து ஏக்கர் வைத்திருப்பவனும் அதைச் செய்துவிடலாம். கரும்பு அப்படியல்ல. வெட்டிய கரும்பை ஓரிரு நாளுக்குள் பிழிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாறு புளித்துவிடும். எனவே தோட்டத்துக்குள்ளேயே ஆலை வேண்டும், காய்ச்சும் கொட்டகை வேண்டும், வரிசையாகச் செப்புக் கொப்பரைகள் வேண்டும், இரவு பகலாக எரியும் அடுப்புக்கு ஆள் வேண்டும். பெரிய முதலும் பெரிய நிலமும் உள்ளவனே தாக்குப்பிடிப்பான். கார்க் பகுதியிலிருந்து வந்த டேவிட் கால்வே 1660களில் தீவின் தெற்கே நிறுவிய ‘கால்வேஸ்’ தோட்டம் அப்படிப்பட்டது. அதன் காற்றாலையும் கொதிகலன் கட்டடமும் 1980களில் தொல்லியல் ஆய்வாளர்களால் விரிவாக ஆராயப்பட்டன.

கரும்பு வந்ததும் எண்கள் புரண்டன. 1729 வாக்கில் வெள்ளையர் ஆயிரத்துச் சொச்சமாகக் குறைந்தார்கள். அடிமைகள் ஆறாயிரத்தை நெருங்கினார்கள். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஐம்பது ஆண்டுகளில் வெள்ளையர் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போயிருக்கிறது. சிறு நிலம் வைத்திருந்த ஏழை ஐரிஷ்காரன் பெரிய தோட்டத்தோடு போட்டிபோட முடியாமல் வேறு தீவுகளுக்கும் அமெரிக்கக் கரைக்கும் போய்விட்டான். அவனைத் துரத்திய பெரிய தோட்டக்காரர்களில் பலரும் ஐரிஷ்காரர்களே. ஆகவே ‘ஐரிஷ்காரர்கள் அடிமை வைத்திருந்தார்கள்’ என்று ஒட்டுமொத்தமாகச் சொல்வதும் சோம்பேறித்தனம். பார்படோஸில் மிஞ்சிய ஏழை வெள்ளையர்களை ‘செங்காலர்கள்’ என்று இழிவாகவே அழைத்தார்கள். ஆனால் அந்த ஏழை வெள்ளையனுக்கும் கையில் ஒரு துப்பாக்கி கொடுக்கப்பட்டது. தீவுகளின் ஊர்க்காவல் படை அவர்களைக் கொண்டதுதான். அது காவல் காத்தது அடிமைகளிடமிருந்து எஜமானர்களை.

மேலே ஏறியவர்களின் கதைக்கு ஒரு சகோதரர்களை எடுத்துக்கொள்வோம். கால்வே நகரத்தின் பழைய கத்தோலிக்க வணிகக் குடும்பங்களில் ஒன்று பிளேக். கிராம்வெல் காலத்துக்குப் பிறகு நொடித்துப்போன இந்தக் குடும்பத்திலிருந்து ஹென்றி, ஜான் என்ற இரு சகோதரர்கள் 1660களில் கரீபியத்துக்குப் போனார்கள். ஹென்றி மான்செராட்டில் தோட்டம் நடத்தினான். அடிமை உழைப்பில் பணம் சேர்த்து, 1670களில் அயர்லாந்து திரும்பி நிலங்களை வாங்கினான். அதில் ஒன்று கன்னிமாரா பகுதியில் இருக்கும் ரென்வைல். இங்கிலாந்து பறித்த ஐரிஷ் நிலத்தை ஒரு ஐரிஷ் கத்தோலிக்கன் திரும்பப் பெற்றான் என்று இதைப் பெருமையோடு சொல்லலாம். அந்த நிலத்துக்கு விலை கொடுத்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்கர்கள். (கன்னிமாரா என்ற பெயர் உங்களுக்கு எழும்பூரில் பழக்கமானதுதான். 1886 முதல் 1890 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த கன்னிமாரா பிரபு, மேயோ என்ற ஐரிஷ் பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பட்டப்பெயர் அந்தப் பகுதியிலிருந்து வந்தது. ஐரிஷ்காரர்கள் பேரரசின் பலிகள் மட்டுமல்ல, பேரரசை நடத்தியவர்களும்கூட என்பதற்கு நாம் புத்தகம் எடுக்கப் போகும் கட்டடமே சாட்சி.)

தீவில் இருந்தவர்கள் மட்டும்தானா? கார்க் துறைமுகத்திலிருந்து உப்பிட்ட மாட்டிறைச்சியும் வெண்ணெயும் பீப்பாய் பீப்பாயாகக் கரீபியத் தோட்டங்களுக்குப் போயின. அயர்லாந்திலேயே இருந்து கொண்டு, ஒரு அடிமையையும் நேரில் பார்க்காமல், அந்த வணிகத்தில் கொழுத்தவர்கள் உண்டு.

அடிமைகளின் தரப்பிலிருந்து மான்செராட்டைப் பார்த்து எழுதிய ஒரு கை நமக்குக் கிடைத்திருக்கிறது. ஒலாடா எக்வியானோ. அவர் 1763இல் மான்செராட்டுக்குக் கொண்டுவரப்பட்டு ராபர்ட் கிங் என்ற வணிகருக்கு விற்கப்பட்டார். கிடைத்த சந்தில் கண்ணாடிக் குவளை, பழம் என்று சின்னச் சின்ன வியாபாரம் செய்து காசு சேர்த்து, 1766 ஜூலையில் தன்னை எஜமான் வாங்கிய விலையான 40 பவுனைக் கொடுத்துத் தன்னைத் தானே வாங்கிக்கொண்டார். 1789இல் லண்டனில் தன் வரலாற்றை வெளியிட்டார். மான்செராட் பக்கங்களில் என்னை உலுக்கியது சவுக்கடி பற்றிய இடங்கள் அல்ல. அடிமைகள் தங்களுக்குக் கிடைக்கும் சொற்ப ஓய்வு நேரத்தில் புல் அறுத்துக் கட்டி சந்தைக்குக் கொண்டுவருவார்கள். அந்தப் புல்கட்டை வழியில் வெள்ளையர்கள் காசு கொடுக்காமல் பிடுங்கிக்கொள்வார்கள். மீன் பிடித்து வந்தால் மீனும் அப்படியே. அவருக்குத் தெரிந்த ஒரு மீனவ அடிமை கேட்கிறான்: வேறொருவன் பிடுங்கினால் எஜமானிடம் சொல்லலாம், எஜமானே பிடுங்கினால் யாரிடம் சொல்வது? இந்தக் கேள்விக்குப் பொழிப்புரை நமக்குத் தேவையில்லை. காவல் நிலையத்தின் வாசலில் நின்ற அனுபவம் உள்ள யாருக்கும் அது புரியும்.

எக்வியானோ விடுதலைப் பத்திரத்தோடு போன இரண்டாவது ஆண்டில்தான் அந்த மார்ச் 17 வருகிறது.

1768. தீவில் அடிமைகள் பத்தாயிரத்தை நெருங்கியிருந்தார்கள், வெள்ளையர்கள் ஆயிரத்து முந்நூறு அளவில். புனித பேட்ரிக் நாளில் தோட்ட முதலாளிகள் அரசு மாளிகையில் கூடி விருந்து கொண்டாடுவது வழக்கம். குடி வழியும், வாள்களைக் கழற்றி வைத்திருப்பார்கள். இந்த வழக்கத்தை எஜமானர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் அவர்களுக்குப் பரிமாறியவர்கள். திட்டம் எளிமையானது: மாளிகைக்குள் வேலை செய்யும் அடிமைகள் வாள்களைக் கைப்பற்ற வேண்டும்; வெளியே இருப்பவர்கள் கல், கட்டை, கிடைத்த ஆயுதங்களோடு பாய வேண்டும். தீவைக் கைப்பற்ற வேண்டும். இதில் ஒரு முரண் இருக்கிறது, சொல்லாமல் போக மனமில்லை. அன்று யாருக்காக விருந்து நடந்ததோ அந்தப் பேட்ரிக், பதினாறு வயதில் ஐரிஷ் கொள்ளையர்களால் பிடிக்கப்பட்டு, அயர்லாந்தில் ஆறு ஆண்டுகள் அடிமையாக ஆடு மேய்த்துத் தப்பியோடியவர். அவரே எழுதி வைத்த செய்தி இது. தப்பியோடிய ஒரு அடிமையின் திருநாளை அடிமை முதலாளிகள் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

திட்டம் கசிந்துவிட்டது. தலைவர்கள் இருவர் ஆயுதம் பற்றிப் பேசிக்கொண்டதை ஒரு வெள்ளைத் தையல்காரி கேட்டுவிட்டாள் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவள் குடிகாரி என்பதைச் சொல்லும் கதை அவள் பெயரைச் சொல்வதில்லை. ஊசி நூலால் பிழைத்த அந்தப் பெண்ணுக்கும் தோட்ட முதலாளிக்கும் எந்தச் சம பந்தியும் இருந்திருக்காது. ஆனாலும் அவள் ஓடியது எஜமானர்களிடம்தான். அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று விளக்கியது இதைத்தான். எல்லோரும் ஒடுக்கப்படும் அமைப்பில்கூட, தனக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்ற ஒரே ஆறுதல் ஒரு மனிதரை ஒடுக்குபவரோடு கட்டிப்போட்டுவிடும். சாதிக்கு அவர் சொன்ன இந்த விதி, தோலின் நிறத்தால் அடுக்கப்பட்ட ஒரு தீவிலும் வேலை செய்திருக்கிறது.

ஒன்பது பேர் தூக்கிலிடப்பட்டார்கள். முப்பது பேர் அளவில் சிறையிடப்பட்டு நாடு கடத்தப்பட்டார்கள். இவ்வளவும் எஜமானர்கள் வைத்த ஆவணங்களிலிருந்து வருபவை. போராடியவர்கள் எழுதிய ஒரு வரியும் நம்மிடம் வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தது ஓர் ஊர்ப் பெயர். தீவின் வடக்கே ‘கஜோ ஹெட்’, அதாவது ‘கஜோவின் தலை’ என்று ஓர் ஊர் இருக்கிறது. கலகக்காரனான கஜோவின் தலையை வெட்டி, இலவம்பஞ்சு இனத்து மரம் ஒன்றில் எல்லோரும் பார்க்கத் தொங்கவிட்டார்கள் என்பது மக்கள் வாய்மொழி. கஜோ என்பது மேற்கு ஆப்பிரிக்காவின் அக்கான் மக்கள் திங்கட்கிழமை பிறந்த ஆண் குழந்தைக்கு வைக்கும் பெயர். ரைலிகளும் ஸ்வீனிகளும் நிறைந்த தீவில் எஜமான் வைக்காத ஒரு பெயர் நிலைத்துவிட்டது. ஆவணம் இல்லாத மக்களின் வரலாற்றை எங்கே தேடுவது என்று ஆய்வு மாணவர்கள் கேட்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலகத்தின் பதிவேட்டில் இல்லாதது ஊர்ப் பெயரில், குளத்தின் பெயரில், சுடுகாட்டு மேட்டின் பெயரில் இருக்கலாம். அங்கேயும் தேடுங்கள்.

1834 ஆகஸ்ட் 1ஆம் தேதி பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை சட்டப்படி முடிந்தது. அப்போது மான்செராட்டில் விடுதலை பெற்றவர்கள் ஆறாயிரத்து நானூறு பேர் அளவில். பிரிட்டன் இரண்டு கோடி பவுன் இழப்பீடு கொடுத்தது. யாருக்கு? அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு. மான்செராட் முதலாளிகளின் பங்கு மட்டும் ஒரு லட்சம் பவுனுக்கு மேல். அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. இந்த இழப்பீட்டுக்காக வாங்கிய கடனை பிரிட்டிஷ் அரசு அடைத்து முடித்தது 2015இல். ஆக, கரீபியத்திலிருந்து பிரிட்டனுக்குப் பிழைக்கப் போன அடிமைகளின் பேரப்பிள்ளைகளும் வரி கட்டி அந்தக் கடனை அடைத்திருக்கிறார்கள்.

நிலம் முதலாளிகளிடமே நின்றது. சர்க்கரை போய் எலுமிச்சை வந்தது, எலுமிச்சை போய்ப் பருத்தி வந்தது, உழுதவனுக்கு நிலம் வரவில்லை. வாரத்துக்கு உழும் முறைக்கு எதிராக 1940களில்தான் தொழிற்சங்கம் வலுப்பெற்றது. அதிலிருந்து எழுந்த வில்லியம் பிராம்பிள் பின்னர் தீவின் முதல் முதலமைச்சரானார்.

இப்போது நினைவின் அரசியலுக்கு வருவோம். 1960களில் ஜான் மெசெஞ்சர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் தீவுக்கு வந்து, இங்கே இருப்பவர்கள் ‘கறுப்பு ஐரிஷ்காரர்கள்’ என்று எழுதினார். அவர்கள் பேச்சில் ஐரிஷ் வாடை, ஆட்டிறைச்சிக் குழம்பில் ஐரிஷ் பக்குவம், நகைச்சுவையில்கூட ஐரிஷ் குணம் கண்டுபிடித்தார். ஐரிஷ் எஜமானர்கள் அடிமைகளிடம் இரக்கமாக நடந்துகொண்டார்கள் என்ற கருத்தும் கூடவே பரவியது. ஏகென்சன் இதை ஆதாரங்களோடு மறுத்தார்: ஐரிஷ்காரன் நடத்திய தோட்டமும் ஆங்கிலேயன் நடத்திய தோட்டமும் ஒரே மாதிரிதான் இருந்தன. ஆட்டுக் குழம்பை ஆப்பிரிக்கர்களுக்கு ஐரிஷ்காரன்தான் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும் என்று ஏன் நினைக்கத் தோன்றுகிறது என்பதே கேள்வி. குடும்பப் பெயரும் அப்படித்தான். ரைலி என்ற பெயர் இருந்தால் ரைலி தாத்தா என்று பொருளல்ல. ரைலியின் சொத்துப் பட்டியலில் இருந்தவர்கள் என்றும் பொருள் வரும்.

மான்செராட்டின் வரலாற்றாசிரியரும் கவிஞருமான ஹோவர்ட் ஃபெர்கஸ் போன்றவர்கள்தான் 1768ஐ மக்கள் நினைவுக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1985இல் மார்ச் 17 பொது விடுமுறையாக்கப்பட்டது, தூக்கிலிடப்பட்டவர்களின் நினைவாக. அவர்கள் வேறு தேதியைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். எஜமானின் திருநாளையே எடுத்து அதற்கு வேறு பொருள் கொடுத்தார்கள். இன்று அந்த வாரம் முழுக்கக் கொண்டாட்டம். முகமூடி ஆட்டக்காரர்கள் உயரத் தொப்பி வைத்து, சவுக்கைச் சொடுக்கி ஆடுகிறார்கள். அது எஜமானனைப் பகடி செய்யும் ஆட்டம் என்கிறார்கள் பலர். அதே தெருவில் பச்சைச் சட்டை போட்ட சுற்றுலாப் பயணிகளும் நிற்கிறார்கள். எந்த மார்ச் 17 என்ற சண்டை தீவுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறது. சுற்றுலா வருமானத்துக்கு ஐரிஷ் கதை வேண்டும். தன்மானத்துக்குக் கஜோவின் கதை வேண்டும். வெளியில் இருந்துகொண்டு நாம் அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இன்னொரு இடத்தில் தீர்ப்புச் சொல்லியே ஆக வேண்டும். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இணையத்தில் ‘மறக்கப்பட்ட வெள்ளை அடிமைகள்’ என்று ஒரு பிரச்சாரம் சுற்றுகிறது. கறுப்பர்களுக்கு முன்பே ஐரிஷ்காரர்கள் அடிமைகளாக இருந்தார்கள், இன்னும் மோசமாக நடத்தப்பட்டார்கள், ஆனாலும் அவர்கள் உழைத்து முன்னேறிவிட்டார்கள், நீங்கள் மட்டும் ஏன் புலம்புகிறீர்கள் என்பது அதன் சாரம். அமெரிக்க நிலக்கரிச் சுரங்கச் சிறுவர்களின் இருபதாம் நூற்றாண்டுப் புகைப்படத்தை எடுத்து ‘ஐரிஷ் அடிமைக் குழந்தைகள்’ என்று போட்டார்கள். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் போலீஸ் கொலைகளுக்கு எதிராகத் தெருவில் இறங்கிய போதெல்லாம் இது கூடுதலாகப் பரவியது. இதை வரி வரியாக உடைத்தவர் அயர்லாந்தின் லிமெரிக்கைச் சேர்ந்த நூலகரும் ஆய்வாளருமான லியம் ஹோகன். ஒரு ஐரிஷ்காரர், தன் சமூகத்துக்குச் சாதகமான ஒரு பொய்யை ஏற்க மறுத்தார். 2016இல் எண்பதுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் அவருக்குத் துணையாகப் பொதுக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள்.

இந்த வாதம் உங்களுக்கு எங்கோ கேட்டதுபோல் இருக்கும். ‘எங்கள் சாதியிலும் ஏழைகள் உண்டு’, ‘எங்கள் தாத்தாவும் பண்ணையில் அடி வாங்கினார்’ என்று இடஒதுக்கீட்டுக்கு எதிராகவும், வன்கொடுமைச் சட்டத்துக்கு எதிராகவும் பேசுகிறவர்களை நாம் தினமும் சந்திக்கிறோம். அந்தத் தாத்தா அடி வாங்கியது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அதை மறுக்க வேண்டியதில்லை. அந்தத் தாத்தா சேரிக்குள் என்னவாக நுழைந்தார் என்பதைக் கூடவே கேட்க வேண்டும். நமக்குள்ளும், ஒரு பட்டியல் சாதி இன்னொன்றைப் பார்க்கும் பார்வையில், ஆண் பெண்ணைப் பார்க்கும் பார்வையில், இதே கேள்வியைக் கேட்டால் கூட்டம் கொஞ்சம் அமைதியாகிவிடுகிறது.

வேறு வழி இருந்ததா என்று கேட்கலாம். இருந்தது. அயர்லாந்தின் கத்தோலிக்க விடுதலைத் தலைவர் டேனியல் ஓகானல் அடிமை முறையின் கடும் எதிரி. 1842இல் அவர் உட்பட அறுபதாயிரம் ஐரிஷ் மக்கள் கையெழுத்திட்டு, அமெரிக்காவில் குடியேறிய தங்கள் மக்களுக்கு ஒரு வேண்டுகோள் அனுப்பினார்கள்: கறுப்பின மக்களோடு நில்லுங்கள், அடிமை ஒழிப்பாளர்களோடு சேருங்கள். 1845இல் தப்பி வந்த அடிமையான ஃபிரடெரிக் டக்ளஸ் அயர்லாந்துக்குப் போனபோது, டப்ளின் மேடைகளில் மனிதனாக நடத்தப்பட்டதை நெகிழ்ந்து எழுதினார். ஆனால் அமெரிக்காவில் இருந்த ஐரிஷ்காரர்களில் பெரும்பாலோர் அந்த வேண்டுகோளை ஏற்கவில்லை. 1863இல் நியூயார்க்கில் கட்டாய ராணுவச் சேர்ப்புக்கு எதிராக எழுந்த கலவரத்தில் கும்பல்கள் கறுப்பர்களைத் தெருவில் தொங்கவிட்டன, கறுப்பினக் குழந்தைகளின் அனாதை இல்லத்தைக் கொளுத்தின. அந்தக் கும்பல்களில் ஏழை ஐரிஷ் தொழிலாளர்கள் நிறைய இருந்தார்கள். அதே நகரத்தில் கறுப்பர்களுக்கு ஒளிய இடம் கொடுத்த ஐரிஷ்காரர்களும் இருந்தார்கள்.

மான்செராட்டின் இன்றைய நிலையைச் சொல்லி முடிக்கிறேன். 1995 ஜூலை 18 அன்று தீவின் தெற்கே உள்ள சூஃப்ரியர் ஹில்ஸ் எரிமலை, நூற்றாண்டுகளுக்குப் பிறகு விழித்துக்கொண்டது. 1997 ஜூன் 25 அன்று நடந்த சீற்றத்தில் பத்தொன்பது பேர் இறந்தார்கள். தலைநகர் பிளிமத் சாம்பலுக்கும் சேற்றுக்கும் அடியில் புதைந்து கைவிடப்பட்டது. மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தீவை விட்டுப் போனார்கள், அதிகமும் பிரிட்டனுக்கு. தெற்குப் பகுதிக்குள் நுழையத் தடை. கால்வேஸ் தோட்டம், கின்சேல், செயின்ட் பேட்ரிக்ஸ் எல்லாம் அந்தத் தடைக்குள் இருக்கின்றன. பிழைத்த மக்கள் வடக்கே ஒதுங்கி வாழ்கிறார்கள். அரசு அலுவலகங்கள் இப்போது பிரேட்ஸ் என்ற ஊரில் இயங்குகின்றன. அதற்குப் பக்கத்து ஊர்தான் கஜோ ஹெட்.

மாணவர்கள் கேள்விகளோடு காத்திருப்பதாக அமைப்பாளர்கள் சைகை காட்டுகிறார்கள்.